காற்று ஒன்று சொல்ல, தரை வேறொன்று சொல்கிறது: தனித்த மலை உறைநிலங்களின் வெப்பநிலை

ஹவாய்த் தீவின் மவுனா கியா எரிமலை, மும்பையின் அட்சரேகைக்குச் சற்றே வடக்கில், கடல் மட்டத்திலிருந்து 4,207 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அதன் உச்சியில் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலை சுமார் 4 டிகிரி செல்சியஸ். இந்த ஓர் எண்ணை மட்டும் கையில் வைத்திருப்பவர், அங்கே மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உருகாத பனிக்கட்டி இருக்க வழியில்லை என்றுதான் சொல்வார். ஆனால் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆல்ஃபிரட் உட்காக் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும், உச்சியருகே எரிமலைத் துகள்கள் குவிந்து உருவான கூம்புகளின் உட்சரிவுகளை ஆராய்ந்தபோது, அதிக ஆழம் போகாமலேயே கல்லும் சாம்பலும் பனிக்கட்டியால் இறுகிக் கிடப்பதைக் கண்டார்கள். அப்படிப்பட்ட இடங்கள் இரண்டே இரண்டு. மலையின் பரப்போடு ஒப்பிட்டால் ஒரு பெரிய முற்றத்தில் சிந்திய இரண்டு சொட்டுகள்.

ஜப்பானின் ஃபுஜி மலை இதற்கு நேர் எதிரான புதிர். உயரத்தில் மவுனா கியாவைவிடக் குறைவு, 3,776 மீட்டர்தான். ஆனால் வடக்கே தள்ளி இருப்பதால் அதன் உச்சியின் ஆண்டுச் சராசரி மைனஸ் 6 டிகிரியை ஒட்டியது. இத்தகைய குளிரில் உச்சிப் பகுதி முழுவதும் உறைந்த நிலம் விரிந்து கிடக்க வேண்டும். அங்கே உறைநிலம் இருப்பதை ஹிகுச்சி, ஃபுஜீ என்ற இரு ஆய்வாளர்கள் 1971-ல் அறிவித்தார்கள். ஆனால் பிற்காலத்தில் ஆண்டு முழுவதும் தொடர்ந்து அளந்து பார்த்தபோது, அது எதிர்பார்த்ததைவிடக் குறுகிய பகுதிக்குள் மட்டுமே இருக்கக்கூடும் என்று தெரிந்தது. வெப்பமான உச்சியில் உறைநிலம் இருக்கிறது. பத்து டிகிரி குளிர்ந்த உச்சியில் அதைத் தேட வேண்டியிருக்கிறது. காற்றின் வெப்பநிலை தரையின் வெப்பநிலையைத் தீர்மானிப்பதில்லை, பேரத்தைத் தொடங்கி மட்டும் வைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான இணை கிடைப்பது அரிது.

பெர்மாஃப்ராஸ்ட் என்று ஆய்வுலகம் வழங்கும் இந்த உறைநிலத்தின் வரையறை முழுக்க முழுக்க வெப்பநிலையைச் சார்ந்தது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளேனும் 0 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்கும் தரை எதுவாயினும் அது உறைநிலம். அதில் பனிக்கட்டி இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை; துளி ஈரமும் இல்லாத கரும்பாறை மைனஸ் 3 டிகிரியில் இருந்தால் அதுவும் உறைநிலமே. ஒரு வட்டாரத்தின் தரையில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் இப்படி இருந்தால் தொடர்ச்சியான உறைநிலம் என்றும், பத்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் தனித்த உறைநிலம் என்றும் வகுத்திருக்கிறார்கள். இடைப்பட்டவற்றுக்கும் பெயர்கள் உண்டு. சைபீரியாவும் வட அலாஸ்காவும் முதல் வகை. நாம் பார்க்கப்போவது கடைசி வகையை, அதிலும் மலையுச்சிகளில் திட்டுத் திட்டாக எஞ்சியிருப்பதை. சைபீரியாவின் உறைநிலத்தைக் கண்டம் காக்கிறது. மலைத் திட்டை ஒரு நிழல், ஒரு காற்று, ஒரு கற்குவியல் காக்கிறது.

அந்தக் காவலர்களில் முதலில் பேச வேண்டியது பனிப்பொழிவைப் பற்றி. பனி குளிர்ச்சியானது, ஆகவே அதிகம் பெய்தால் தரை அதிகம் குளிரும் என்பது இயல்பான எண்ணம். நடப்பது பெரும்பாலும் மறுதலை. புதிதாக விழுந்த பனி, காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருக்கும் பஞ்சு மெத்தை போன்றது; அதன் வெப்பக் கடத்துத்திறன் பாறையினுடையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அரை மீட்டருக்கு மேல் பனி படிந்துவிட்டால் மேலே காற்று மைனஸ் 25 டிகிரிக்குச் சரிந்தாலும் கீழே தரைக்கு அந்தச் செய்தி சரியாகப் போய்ச் சேராது. ஆகவே அக்டோபரிலேயே கனத்த பனி விழுந்த ஆண்டில், கோடை முழுவதும் சேர்த்த வெப்பத்தைத் தரை போர்வைக்குள் வைத்துக்கொண்டு குளிர்காலத்தைக் கடத்திவிடுகிறது. ஜனவரி வரை பனி தாமதித்தால் வெற்றுத் தரை குளிரை நேரடியாக வாங்கிக்கொள்கிறது. அதே பனி ஜூன் வரை உருகாமல் கிடந்தால் சூரிய ஒளியைத் திருப்பியனுப்பித் தரையைக் குளிர்ச்சியாகவே வைக்கிறது. எவ்வளவு பெய்தது என்பதைவிட எப்போது பெய்தது, எப்போது போனது என்பதே கணக்கில் அதிகம் நிற்கிறது. சுவிட்சர்லாந்தில் 2016–17 குளிர்காலத்தில் பனி குறைந்தபோது, நீண்ட காலமாக ஏறிக்கொண்டிருந்த மலை உறைநில வெப்பநிலை பல இடங்களில் தற்காலிகமாக இறங்கியதற்குக் காரணம் இதுதான். வானம் குளிர்ந்துவிட்டதாக அதற்குப் பொருளில்லை.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில், காஸ்பே தீபகற்பத்தில் உள்ள ழாக் கார்ட்டியே மலை இந்தப் பாடத்தைப் படம் வரைந்து காட்டுவது போன்றது. உயரம் 1,268 மீட்டர்தான். உச்சி மரமற்ற வெட்டவெளி. குளிர்காலக் காற்று அங்கே விழும் பனியைத் தங்கவிடாமல் துடைத்து எறிகிறது. அந்தப் பனி சற்றுக் கீழே, காற்றடித்துக் குட்டையாகி முறுக்கிக்கொண்ட ஊசியிலை மரப் புதர்களில் சிக்கி ஆள் உயரத்துக்குக் குவிகிறது. உச்சியின் வெட்டவெளிக்குக் கீழே உறைநிலம் இருக்கிறது. புதர்களுக்குக் கீழே இல்லை. இரண்டு இடங்களிலும் காற்று ஒன்றே, உயர வேறுபாடோ சொற்பம். உறைநிலத்தின் எல்லைக்கோட்டை அங்கே வரைந்தது வெப்பமானியல்ல, மரங்களின் விளிம்பு. இந்த உச்சியில் 1977-ல் சுமார் 29 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு வெப்பநிலை அளவுக் கம்பி இறக்கப்பட்டது. 2014 வரையிலான முப்பத்தேழு ஆண்டுப் பதிவு, ஏற்ற இறக்கங்களுக்கு நடுவே ஒட்டுமொத்தமாக வெப்பமடையும் போக்கைக் காட்டியது. தனித்த மலை உறைநிலத்துக்கு இத்தனை நீண்ட பதிவு கிடைத்திருப்பது உலகிலேயே அபூர்வம்.

பனிப்போர்வையின் இந்தத் தடுக்கும் குணத்தையே ஓர் அளவுகோலாக மாற்றியவர் சுவிட்சர்லாந்தின் வில்ஃப்ரீட் ஹேபர்லி. பனி கனமாகப் படிந்த பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மேலிருந்து வரும் குளிர் தடைப்படுவதால், பனிக்கும் தரைக்கும் இடையிலுள்ள வெப்பநிலையைக் கீழே இருப்பதே தீர்மானிக்கும் அல்லவா? ஆகவே நீண்ட கோல் ஒன்றைப் பனிக்குள் செருகித் தரையைத் தொட்டு அளந்தால், மைனஸ் 3 டிகிரிக்குக் கீழே இருக்குமிடத்தில் உறைநிலம் இருக்க வாய்ப்பு அதிகம், மைனஸ் 2-க்கு மேலே இருந்தால் வாய்ப்புக் குறைவு, இடைப்பட்டது ஐயத்துக்குரியது. 1970-களில் அவர் முன்வைத்த இந்த விதியை வைத்துக்கொண்டுதான், துளையிடப் பணமில்லாத பல மலைகளில் முதல் வரைபடங்கள் உருவாயின. கோலும் பனிச்சறுக்குக் கட்டையும் இருந்தால் ஒரு நாளில் நூறு புள்ளிகளை அளந்துவிடலாம் என்பது இதன் கவர்ச்சி. பனி எந்த மாதத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்து எண்கள் ஆண்டுக்கு ஆண்டு நகர்வது இதன் பலவீனம்.

அடுத்த காவலர் கற்குவியல். சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைத்தொடரில் க்ரூ து வான் என்ற குதிரைலாட வடிவப் பாறைக்கிண்ணம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறைகளிலிருந்து விழுந்த கற்கள் பெரும் சரிவாகக் குவிந்திருக்கின்றன. காற்றின் ஆண்டுச் சராசரி அங்கே 5 டிகிரிக்கு மேல். ஆயினும் அந்தக் கற்சரிவின் அடிப்பகுதியில் உறைந்த நிலம் இருக்கிறது. கற்களுக்கிடையேயுள்ள வெற்றிடங்கள் ஒன்றோடொன்று இணைந்து, சரிவு முழுவதும் ஒரு புகைபோக்கியாக இயங்குகிறது. குளிர்காலத்தில் சரிவுக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட வெப்பமானது என்பதால் மேல்நோக்கிக் கிளம்பி, மேல்பகுதியில் பனியைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகிறது. அந்த இழுப்பில் கடுங்குளிர்க் காற்று அடிவாரத்துக் கற்களுக்குள் உறிஞ்சப்படுகிறது. கோடையில் ஓட்டம் திரும்புகிறது: உள்ளே குளிர்ந்து கனத்த காற்று கீழிறங்கி அடிவாரத்தில் கசிகிறது. ஜூலை வெயிலில் அங்கே நிற்பவரின் கணுக்காலில் குளிர்காற்று படும். சுற்றிலும் காடு ஓங்கி வளர்ந்திருக்க, அந்த ஓர் இடத்தில் மட்டும் மரங்கள் வளர்ச்சி குன்றிக் குட்டையாக நிற்பதை வைத்தே மண்ணுக்குள் ஏதோ நடக்கிறது என்று ஊகித்துவிடலாம்.

மவுனா கியாவின் கூம்புகளிலும் வேறொரு வடிவில் இதே கதைதான். எரிமலைத் துகள்கள் துளை நிறைந்தவை, உலர்ந்தவை, வெப்பத்தை எளிதில் கடத்தாதவை. இரவில் குளிர்ந்து கனத்த காற்று கிண்ணம் போன்ற பள்ளத்துக்குள் இறங்கித் தேங்குகிறது. கிண்ணத்தின் செங்குத்தான சுவர் பகல் வெயிலின் ஒரு பகுதியை மறைத்துவிடுகிறது. மேலே வானம் தெளிவாகவும் காற்று உலர்ந்தும் இருப்பதால் தரை தன் வெப்பத்தை இரவெல்லாம் விண்வெளிக்கு வீசியெறிகிறது. உலகின் பெரிய தொலைநோக்கிகள் சில அந்த உச்சியில் அமைந்ததற்குக் காரணமான அதே உலர்ந்த, தெளிந்த வானம்தான் கீழேயுள்ள பனிக்கட்டியையும் காக்கிறது என்பதை நினைத்துப் பார்ப்பது சுவையானது. கூடவே, ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நம் மண்பானை நீரைக் குளிரவைக்கும் அதே வழி.

ஃபுஜியில் இந்தக் காவலர்கள் கைவிட்டதற்கான விளக்கத்தில் மழைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்த மலையின் தரையும் எரிமலைத் துகள்களால் ஆனது. தண்ணீரைச் சல்லடை போல உள்ளே விடக்கூடியது. ஜப்பானின் கோடை, வறண்ட ஹவாய் உச்சியைப் போலல்லாமல் மழைக்காலமும் சூறாவளிகளும் சேர்ந்தது. பெருமழை பெய்யும்போது பல டிகிரி வெப்பத்தில் இருக்கும் நீர் நேராகத் தரைக்குள் இறங்கி, பாறையின் வழியே மெல்ல ஊர்ந்துவர வாரங்கள் பிடித்திருக்கும் வெப்பத்தைச் சில மணி நேரத்தில் ஆழத்துக்குக் கொண்டுசேர்த்துவிடுகிறது. ஆகவே அங்கே ஓராண்டின் ஆகஸ்டில் அளந்த மேல்மண் வெப்பநிலையை இருபது ஆண்டு கழித்து வேறோர் ஆகஸ்டில் அளந்ததோடு ஒப்பிட்டு, உறைநிலத்தின் கீழெல்லை இத்தனை மீட்டர் மேலேறிவிட்டது என்று சொல்வது ஆபத்தானது; இடையில் பெய்த ஒரு மழையே அந்த வேறுபாட்டை உண்டாக்கியிருக்கலாம். மலை வெப்பமடையவில்லை என்பதல்ல இதன் பொருள். சில நாள் அளவீடு இத்தகைய தரையில் சாட்சி சொல்லப் போதாது என்பதுதான்.

சூரியனின் திசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் மலையேறிய எவரும் அதை உணர்ந்திருப்பார். ஆல்ப்ஸ் மலைகளின் செங்குத்துப் பாறைமுகங்களில், ஒரே உயரத்தில், தெற்கு முகத்துக்கும் வடக்கு முகத்துக்கும் ஆண்டுச் சராசரியில் 7 அல்லது 8 டிகிரி வரை வேறுபாடு அளக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் காற்று ஏறத்தாழ ஆறரை டிகிரி குளிர்கிறது என்ற பொதுக்கணக்கை வைத்துப் பார்த்தால், மலையைச் சுற்றி மறுபக்கம் போவது ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுவதற்குச் சமம். இதிலிருந்து எளிதில் தோன்றாத ஒரு விளைவு பிறக்கிறது. கூர்மையான முகட்டில் வெப்பம் மேலிருந்து கீழாக அல்ல, தெற்கு முகத்திலிருந்து வடக்கு முகத்துக்குப் பக்கவாட்டில் ஓடுகிறது. அதனால் தென்சரிவின் மேற்பரப்பில் உறைநிலத்தின் அடையாளமே இல்லாவிட்டாலும், சற்று உள்ளே போனால் வடக்கிலிருந்து ஊடுருவிய குளிர் உட்கார்ந்திருக்கலாம்.

மேற்பரப்பைத் தாண்டி ஆழத்துக்குள் வெப்பம் எப்படிப் போகிறது என்பதற்கு ஊர்க் கிணறு நல்ல ஆசான். சித்திரை வெயிலில் கிணற்று நீர் குளிர்ந்திருக்கிறது; மார்கழி விடியலில் வெதுவெதுப்பாக ஆவி பறக்கிறது. மேலே நடக்கும் பருவமாற்றம் கீழே போகப்போகத் தேய்வதும் தாமதமாவதும்தான் காரணம். சாதாரணப் பாறையில் கணக்கிட்டால், ஆண்டு அலையின் வீச்சு ஒவ்வொரு மூன்று மீட்டருக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. பத்து மீட்டர் ஆழத்தை அடையும்போது அது மேற்பரப்பில் இருந்ததில் நான்கு விழுக்காடுதான். அதாவது மேலே சராசரிக்கு மேலும் கீழும் பத்து டிகிரி ஆடினால், கீழே அரை டிகிரிகூட ஆடாது. அந்தச் சிறு ஆட்டமும் அரையாண்டு பிந்திப் போகிறது: ஆகஸ்டின் வெப்பம் பிப்ரவரியில் வந்துசேர்கிறது. இருபது மீட்டருக்குக் கீழே பருவங்கள் இல்லை. அங்கே அளக்கப்படும் எண் பல ஆண்டுகளின் சாரம்; நூறு மீட்டரில் அது பல பத்தாண்டுகளின் நினைவு.

இந்த நினைவை வாசிக்கத்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டம் ஒன்றின் கீழ், தெற்கே ஸ்பெயினின் சியரா நெவாடா முதல் வடக்கே ஸ்வால்பார்டு வரை, 1990-களின் இறுதியில் மலைகளில் ஆழ்துளைகள் இடப்பட்டன. நார்வேயின் யூவ்வாஸ்ஹோ என்ற இடத்தில் 1,894 மீட்டர் உயரத்தில் இடப்பட்ட துளையின் ஆழம் 129 மீட்டர். உறைநிலம் அங்கே 300 மீட்டருக்கும் மேல் தடிமன் கொண்டது என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. பூமியின் உள்வெப்பத்தால் ஆழம் செல்லச்செல்ல வெப்பநிலை சீராக ஏறிக்கொண்டு போக வேண்டும். இத்தகைய துளைகளில் மேல் சில பத்து மீட்டர்களில் அந்தக் கோடு வளைந்து, மேலே வெப்பம் பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் காணலாம். அந்த வளைவு, மேற்பரப்பு அண்மைப் பத்தாண்டுகளில் வெப்பமடைந்ததையும் அந்தச் செய்தி இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருப்பதையும் ஒருசேரச் சொல்கிறது.

இதுவரை சொன்னது காற்றை நம்பி ஏமாறுவதைப் பற்றி. இரண்டாவது ஏமாற்றம் தரையின் எண்ணை நேரடியாகக் கையில் வைத்துக்கொண்டே நேர்வது. என் கணிப்பில் அதுவே பெரியது.

தனித்த உறைநிலங்கள் பெரும்பாலும் மைனஸ் 2 டிகிரிக்கும் 0-க்கும் இடைப்பட்ட மெல்லிய இடைவெளியில் வாழ்பவை. ஒரு பனிக்கட்டித் துண்டைத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தால், கடைசிச் சில்லு கரையும் வரை தண்ணீர் 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். வந்த வெப்பமெல்லாம் உருக்குவதற்குச் செலவாகிறது, சூடாக்குவதற்கு மிஞ்சுவதில்லை. பள்ளியில் படித்த இந்த உள்ளுறை வெப்பம் மலைக்குள் என்ன செய்கிறது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். ஒரு கன மீட்டர் தரையில் பத்தில் ஒரு பங்கு பனிக்கட்டி என்று வைத்துக்கொண்டால் அதன் எடை சுமார் 92 கிலோ. ஒரு கிலோவை உருக்க 334 கிலோஜூல் வேண்டும். ஆக மொத்தம் ஏறத்தாழ 30,000 கிலோஜூல். அதே வெப்பத்தைப் பனிக்கட்டியே இல்லாத ஒரு கன மீட்டர் பாறைக்குக் கொடுத்தால் அது சுமார் 15 டிகிரி சூடாகியிருக்கும். முதல் தரையிலோ வெப்பமானி நகர்ந்திருக்காது. மைனஸ் 0.2 என்று பத்தாண்டு முன்பு காட்டிய கருவி இன்று மைனஸ் 0.1 என்று காட்டும். அதற்கிடையில் உள்ளே இருந்த பனிக்கட்டியில் பாதி தண்ணீராகியிருக்கலாம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, அடிக்கடி எடுத்தாளப்படும் ஓர் எண்ணைப் பார்ப்போம். உலகெங்கும் உள்ள ஆழ்துளைகளின் பதிவுகளைத் தொகுத்து 2019-ல் வெளியான ஆய்வு, 2007-க்கும் 2016-க்கும் இடையே தொடர்ச்சியான உறைநிலம் 0.39 டிகிரியும், மலை உறைநிலம் 0.19 டிகிரியும் வெப்பமடைந்ததாகக் கூறியது. மேலோட்டமாக வாசித்தால், மலைகள் ஆர்க்டிக்கைவிடப் பாதி வேகத்தில்தான் மாறுகின்றன, ஆகவே அங்கே அவசரம் குறைவு என்று தோன்றும். அந்த மலைச் சராசரிக்குள் 0 டிகிரியின் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும், மேலே நகர முடியாத துளைகள் கலந்திருக்கின்றன. ஐரோப்பிய மலைகளின் துளைகளை மட்டும் எடுத்து, 2013 முதல் 2022 வரை ஆராய்ந்து 2024-ல் வெளியான தொகுப்பு இதை வெளிச்சமாக்கியது: குளிர்ந்த, பனிக்கட்டி குறைந்த பாறைகளில் பத்து மீட்டர் ஆழத்தில் பத்தாண்டுக்கு ஒரு டிகிரிக்கு மேலான ஏற்றம்கூடப் பதிவாகியிருந்தது; பனிக்கட்டி நிறைந்த, ஏற்கனவே விளிம்பை எட்டிய இடங்களிலோ ஏற்றம் மிகச் சிறியது. மிகவும் மெதுவாக வெப்பமடைவதாகத் தோன்றும் இடங்களில் பல, அழிவுக்கு மிக அருகில் இருப்பவை. மருத்துவமனைக் கட்டிலில் காய்ச்சல் ஏறவில்லை என்பதை மட்டும் வைத்து நோயாளி தேறிவிட்டார் என்று எவரும் எழுதுவதில்லை. மலைக்கு மட்டும் அப்படி எழுதிவிடுகிறோம்.

சுவிட்சர்லாந்தின் ஷில்ட்ஹார்ன், 2,970 மீட்டர் உயரமுள்ள சுற்றுலாச் சிகரம், இந்த மறைவான மாற்றத்தை வேறு வழியில் பிடித்த இடம். அங்கே துளைகளோடு சேர்த்து, தரைக்குள் மின்சாரம் செலுத்தி மின்தடையை அளக்கும் முறையும் 1999 முதல் கையாளப்படுகிறது. பனிக்கட்டி மின்சாரத்தைத் தடுக்கும், தண்ணீர் கடத்தும். வெப்பநிலை ஏறக்குறைய அசையாமல் நின்ற ஆண்டுகளிலும் மின்தடை இறங்கிக்கொண்டே வந்தது. 2003-ன் ஐரோப்பிய வெப்ப அலையில், கோடையில் உருகிக் குளிர்காலத்தில் உறையும் மேலடுக்கு அதற்கு முந்தைய ஆண்டுகளில் இருந்ததைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்காகி ஒன்பது மீட்டரை நெருங்கியது. அண்மைய ஆண்டுகளில் இன்னொரு கட்டமும் வந்துவிட்டது: கோடையில் உருகியது முழுவதும் குளிர்காலத்தில் திரும்ப உறைவதில்லை. மேலே உறைந்த தோல், கீழே உறைந்த பழைய உடல், நடுவே ஆண்டு முழுவதும் தண்ணீரோடு நிற்கும் ஓர் அடுக்கு என்ற நிலை.

கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் விளிம்பில் நிற்கும் தரையில் கருவியின் பிழையும் இயற்கையின் மாற்றமும் ஒரே அளவில் இருக்கின்றன. துளைக்குள் இறக்கப்படும் கம்பியில் குறிப்பிட்ட ஆழங்களில் தெர்மிஸ்டர்கள் என்ற வெப்ப உணரிகள் கோக்கப்பட்டிருக்கும். அவை 0.1 டிகிரி பிழையுடையவை என்றால் சைபீரியாவின் மைனஸ் 8 டிகிரித் தரைக்கு அது பொருட்டே அல்ல, மைனஸ் 0.1 டிகிரித் தரையில் உறைநிலம் உண்டா இல்லையா என்ற கேள்வியே அதற்குள் மூழ்கிவிடும். எனவே நல்ல ஆய்வுக்குழு, கருவிகளை அவ்வப்போது நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த தொட்டியில் வைத்துப் பூஜ்ஜியத்தைச் சரிபார்க்கிறது. துளையிடும்போது உண்டாகும் சூடு அடங்க மாதங்கள் ஆகும். துளைக்குழாய்க்குள் நீர் கசிந்தால் பாறையின் வெப்பநிலைக்குப் பதிலாக அந்த நீரின் வெப்பநிலை பதிவாகும். மின்னல் ஓர் இரவில் பதிவுப்பெட்டியைச் சாம்பலாக்கும். அடுத்த கோடையில் யாரேனும் மேலே ஏறும் வரை அது எவருக்கும் தெரியாது. நீண்ட பதிவு ஒவ்வொன்றின் பின்னாலும் மாற்றப்பட்ட கம்பிகளும் இடைவெளிகளும் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒரு துளை ஒரு புள்ளியை மட்டுமே அறியும். புதரின் ஓரத்தில் எல்லை மாறும் ழாக் கார்ட்டியே போன்ற மலையில் துளை இருபது மீட்டர் தள்ளி இடப்பட்டிருந்தால் வேறு கதை கிடைத்திருக்கும்.

தரையின் வெப்பநிலை பத்தில் ஒரு டிகிரி மாறுவது மலைக்கு வெளியே இருப்பவருக்கு ஏன் பொருட்டாக வேண்டும் என்று கேட்கலாம். பாறைப் பிளவுகளை நிரப்பியிருக்கும் பனிக்கட்டி, சரிவுகளைப் பிடித்துவைக்கும் காரைப்பூச்சு. அது உருகும்போது மட்டும் பிடியை விடுவதில்லை. 0 டிகிரியை நெருங்க நெருங்கவே நெகிழ்ந்து வலுவிழக்கிறது. 2003 ஜூலையில் ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில், ஹோர்ன்லி முகட்டில் பாறை சரிந்து, மலையேறிகள் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டபோது, சரிந்த தழும்பில் பனிக்கட்டி பளிச்சிட்டது எல்லோருக்கும் தெரிந்தது. ஜெர்மனியின் உயரமான சிகரமான ட்ஸுக்ஸ்பிட்ஸேயில், கம்பிவட ஊர்தி நிலையங்கள் நிற்கும் அதே பாறைக்குள், 2007-ல் வடக்கிலிருந்து தெற்காகக் குறுக்கே துளையிட்டு வெப்பநிலை அளக்கத் தொடங்கியதும் இந்தக் கவலையால்தான். இமயத்தில் இத்தகைய ஆழ்துளைகள் மிகவும் அரிது. லடாக்கில், லே நகருக்கு மேலேயுள்ள கங்லஸ் நீர்ப்பிடிப்பு போன்ற சில இடங்களில் மேற்பரப்புக்கு அருகே வைத்த கருவிகளிலிருந்தே உறைநிலத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது. பனி குறைவு, வெயில் கடுமை, காற்று உலர்வு என்று அங்கே விதிகளும் வேறு. ஆல்ப்ஸில் தேறிய மைனஸ் 3 டிகிரிக் கணக்குக்கு வேண்டிய கனத்த பனிப்போர்வையே அங்கே கிடைப்பதில்லை. 2021 பிப்ரவரியில் உத்தராகண்டின் ரோன்டி சிகரச் சரிவிலிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து, பள்ளத்தாக்கில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அந்தப் பாறைக்குள் வெப்பநிலை என்னவாக இருந்தது என்பதைக் கணினி மாதிரிகளைக் கொண்டு மதிப்பிட மட்டுமே முடிந்தது.

தனித்த திட்டுகளுக்கென்று இன்னொரு இக்கட்டும் உண்டு. அவற்றில் சில, இன்றைய காலநிலையில் புதிதாக உருவாகவே முடியாதவை. முந்தைய குளிர்ந்த நூற்றாண்டுகளில் உறைந்து, உள்ளுறை வெப்பத்தின் தயவால் தாக்குப்பிடித்து வருபவை. விரிந்த உறைநிலம் மேலிருந்தும் கீழிருந்தும் மட்டுமே வெப்பத்தை வாங்கும். சில பத்து மீட்டர் அகலமுள்ள திட்டுக்கு நான்கு பக்கமும் வெப்பமான அண்டை. அளவு சிறுக்கச் சிறுக்க, உடலை ஒப்பிடும்போது தோலின் பரப்பு கூடிக்கொண்டே போவதால், தேய்வு வேகமெடுக்கிறது. மேலே சூழல் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பினால்கூட, கரைந்துபோன திட்டு அதே இடத்தில் மறுபடி பிறக்கும் என்பதற்கு உறுதியில்லை.

மவுனா கியாவின் கூம்புகளுக்கு நான்கு பத்தாண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் திரும்பிச் சென்று, தரைக்குள் உணரிகளை வரிசையாகப் புதைத்தும் மின்தடையை அளந்தும் பார்த்து 2017-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பனிக்கட்டி இன்னும் இருந்தது. ஆனால் உட்காக் பதிவுசெய்த அளவோடு ஒப்பிட்டால் அதன் பருமன் வெகுவாகச் சுருங்கியிருந்தது. எஞ்சியதற்குள் புதைந்திருக்கும் உணரி, கடைசிப் பனிக்கட்டி கரையும் கோடை வரை, 0 டிகிரியை ஒட்டிய ஒரே எண்ணைத்தான் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கும்.